கும்பலில் தள்ளிய துகள்

ஆறிப்போன காபியில் ஆடை படிந்திருக்கிறது. அதன்மேல் மாலை வெயில். கன்னத்தில் கைவைத்துத் திரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் ஆராய்ச்சிக்காரி. உப்புநீரில் மிதக்கும் லட்சம் மின்துகள்கள் ஒன்றையொன்று எவ்வளவு இழுக்கின்றன என்று அவள் எழுதிய நிரல் கணக்கிடுகிறது. உப்பு குறுக்கே நிற்பதால் தூரத்து இழுப்பு மங்கிவிடும். அதனால் பக்கத்துத் துகள்களைத் தனித்தனியாகவும், தூரத்துத் துகள்களை ஒரே கும்பலாகவும் எடுத்துக்கொண்டு நிரல் நேரத்தை மிச்சம் பிடிக்கிறது. வேகத்துக்குக் குறைவில்லை, விடைதான் காலையிலிருந்து பிசகுகிறது. கைபேசியில் அம்மா. "குரூப்புல எல்லாருக்கும் சேத்து 'நல்லா இருக்கேன்'னு போட்டுட்ட. நான் தனியாத்தானேடி கேட்டேன்?" "வேலைம்மா..." "சரி, பாரு." இருவருமே போனை வைக்கவில்லை. மின்விசிறி சுற்றுகிறது. அவளுடைய சோர்ந்த விரல் திரையில் ஒரு புள்ளியில் நிற்கிறது: தூரமென்று கும்பலில் தள்ளிய துகள் ஒன்று, பக்கத்திலேயே இருந்திருக்கிறது.