துரை கொண்டுபோன கல்

"சப்பாத்தைக் கழட்டிட்டுப் பேசுங்க சார். நீங்க நிக்கிறது சாமி முன்னாடி."

குணாளன் சொன்ன தோரணையில், நகராண்மைக் கழக என்ஜினியர் யோகேந்திரன் உடனே சப்பாத்தைக் கழற்றினார்.

போர்ட்டிக்சன் கடற்கரை நடைபாதையில், துரைமார் காலத்துப் பாறைப் பூங்காவின் நடுவே, இடுப்பளவு உயரத்தில் ஒரு கரும்பாறை நின்றது. நேற்றுவரை எல்லாரும் அதன்மேல் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இன்று மஞ்சள் துண்டு, குங்குமம், காலடியில் சுருட்டு என்று அது சாமியாகிவிட்டிருந்தது.

குணாளன், ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கோயிலின் தலைவர். தோட்டத்துக்குக் காவலாக நின்ற முனீஸ்வரர் கல்லை, அந்தக் காலத்து வெள்ளைக்காரத் துரை இந்தப் பூங்காவை அலங்கரிக்கப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டான் என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்த கதை. தலைமுறை தலைமுறையாக யாரும் போய்க் கேட்டதில்லை. குணாளனுக்குத்தான் போன மாதம் திடீரென்று பக்தி பொங்கியது. இன்று கோயில் ஆட்கள், உறுமிமேளம் என்று கூட்டமாகக் கிளம்பி வந்தாயிற்று.

காரணம் இல்லாமல் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆண்டுக் கூட்டம். இந்த முறை தலைவர் பதவிக்குத் தர்மராஜும் நிற்கிறான். ஜெயித்துவிடுவான் என்றுதான் பேச்சு. பதினைந்து வருடம் உட்கார்ந்த நாற்காலியை விட்டு இறங்கக் குணாளனுக்கு மனசில்லை. ஆனால் சாமியையே வீட்டுக்குக் கூட்டிவந்தவனை எவன் தோற்கடிப்பான்?

"கல்லை எடுத்துட்டுப் போங்க ஐயா, எங்களுக்கு ஆட்சேபணை இல்ல," என்றார் யோகேந்திரன். "ஆனா அதுக்கு முன்னாடி ஒரு விஷயம்..."

"விஷயமெல்லாம் அப்புறம் லா. முதல்ல கிரேனைக் கூப்பிடுங்க."

"கிரேன் தேவைப்படாது ஐயா. அதைத்தான் சொல்ல வந்தேன், இந்தக் கல்லு..."

குணாளனுக்கு உடம்பு உதறியது. கண்கள் மேலே செருகின. உறுமிமேளக்காரர்கள் வெளுத்து வாங்கினார்கள்.

"டேய், எம்மேல கை வச்சவன் உருப்பட்டதில்லடா. என்னை என் வீட்டுல கொண்டு போயி விடுங்கடா," என்று முனீஸ்வரர் குணாளன் வாயால் பேசினார். பேச்சின் நடுவே சாமி ஒரு கண்ணை மட்டும் திறந்து, கூட்டத்தில் நின்ற தர்மராஜ் கும்பிடுகிறானா என்று பார்த்தது. கும்பிட்டான். அந்தத் திருப்தியில் மலையேறியது.

மனைவி புனிதா தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். "என்ஜினியர் என்னமோ சொல்ல வர்றாருங்க. காது குடுத்துக் கேளுங்களேன்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. பேசாம நில்லு."

யோகேந்திரன் பெருமூச்சு விட்டு, தன் ஆட்களுக்குச் சைகை காட்டினார். இரண்டு பேர் பாறையை ஆளுக்கொரு பக்கம் பிடித்தார்கள். சோபாவைத் தூக்குவதுபோல் தூக்கி லாரியில் வைத்தார்கள்.

கூட்டத்தில் ஒரே கூச்சல். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். தர்மராஜ் ஓடிவந்து குணாளன் காலிலேயே விழுந்தான். குணாளனுக்கு அந்த நிமிடமே ஞாயிற்றுக்கிழமையின் வெற்றிமாலை கழுத்தில் விழுந்துவிட்டது.

"பாத்தீங்களா சார்? வீட்டுக்குப் போற சந்தோஷத்துல சாமி பூவா கனக்குது."

மேளம் ஓய்ந்த நேரம் பார்த்து யோகேந்திரன் ஒருவழியாக வாயைத் திறந்தார்.

"அது சிமெண்டு ஐயா. உள்ளுக்கு வெறும் கூடு. அஞ்சு வருஷத்துக்கு முன்ன இங்க அடியில கால்வாய் போட்டோம். பாரம் தாங்காதுன்னு பழைய பாறையை எடுத்துட்டு, அதே மாதிரி செஞ்சு வச்சோம்."

காலில் கிடந்த தர்மராஜ் மெதுவாகத் தலையைத் தூக்கினான். "அப்போ அசல் முனீஸ்வரரு எங்க சார்?"

யோகேந்திரன் சங்கடத்தோடு குணாளனைப் பார்த்தார்.

"கழிச்சுப் போட்ட கல்லு இருந்தா சும்மா குடுங்கன்னு அப்போ நீங்கதானே ஐயா லாரியோட வந்து ஏத்திட்டுப் போனீங்க, கோயில் கக்கூசுக்குப் படி போடணும்னு?"