இருபதடி பின்னால்

நின்றுவிட்டார்.

மருந்துக்கடைப் பக்கம், நாலு தெரு கூடுகிற இடத்தில், நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்றுவிட்டார் என் வீட்டுக்காரர்.

இருபதடி பின்னால், ஓரமாக நின்றிருந்த ஒரு வேனின் மறைவில், ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் நான் குனிந்தேன். தலையில் மகன் விட்டுப்போன தொப்பி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, மூக்கை மறைத்து ஒரு மாஸ்க். திருடப் போகிறவள்கூட இப்படி வேஷம் கட்டமாட்டாள்.

நான் பின்னால் வருவது அவருக்குத் தெரியக்கூடாது. தெரிந்தால், நான் என்ன பச்சைக் குழந்தையா என்று கத்திவிட்டு நடப்பதையே விட்டுவிடுவார்.

நடப்பதை விட்டால் போச்சு. மறதி நோயை விரட்டமுடியாது, ஆனால் காலுக்கும் மூளைக்கும் தினமும் வேலை கொடுத்தால் அது மெதுவாகத்தான் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

காலுக்கு இந்தத் தெருக்கள். மூளைக்குக் கழித்தல் கணக்கு.

முப்பத்திரண்டு வருஷம் வீடு வீடாகப் போய் கரண்ட் மீட்டரில் ரீடிங் எடுத்தவர். இப்போதும் அதே பழைய ரூட்தான். காதில் பென்சில், கையில் நோட்டு. பதினோரு வீட்டு மீட்டரைப் பார்த்து, நேற்றைய எண்ணைக் கழித்து, வீட்டுக்கு வந்ததும் எனக்குச் செய்தி வாசிப்பார். மூன்றாம் நம்பர் வீட்டில் பதினாலு யூனிட், விருந்தாளி வந்திருக்கிறார்கள் என்று.

வம்பு இல்லாமலும் இல்லை. போன மாதம் ஒரு வீடு பூட்டியிருக்கிறது, மீட்டர் மட்டும் ஓடுகிறது. மனுஷனுக்குப் பொறுக்குமா? ஃப்யூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார். ஊரிலிருந்து திரும்பியவர்கள் ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்துவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு நேரே எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். அன்றைக்கே பதினோரு வீட்டிலும் ஏறி இறங்கி, மன்னிப்பும் அனுமதியும் சேர்த்துக் கேட்டுவிட்டு வந்தேன்.

அதே வாரம் வழி தவறி மூன்று மணி நேரம் காணாமல் போனார். மறுநாளிலிருந்து இந்த வேஷத்தில் நான் அவர் பின்னால்.

வெளியூரில் இருக்கும் மகன் போனில் கறாராகச் சொல்லிவிட்டான். இன்னொரு தடவை வழி தெரியாமல் நின்றால், மறுநாளே கேட்டுக்குப் பூட்டு. அம்மா மறைக்கக்கூடாது. நானும் சரி என்று வாக்குக் கொடுத்துத் தொலைத்தேன்.

இதோ, நின்றுவிட்டார்.

ஒரு நிமிஷம் போயிற்று. ரெண்டு நிமிஷம். இடது பக்கம் பார்த்தார். வலது பக்கம் பார்த்தார். நோட்டைத் திறந்தார், மூடினார்.

வலது பக்கம் திரும்பு, மனுஷா. வலது பக்கம்.

ஒரு வாரமாகவே நடை தளர்ந்துதான் போயிருந்தது. விறுவிறுவென்று போகிறவர், திருப்பத்துக்குத் திருப்பம் நிற்க ஆரம்பித்திருந்தார். முழங்கால் வலியோடு ஓடி ஓடிப் பிடிக்கவேண்டியிருந்த எனக்கு அது சௌகரியம்தான். ஆனாலும் பார்க்கப் பார்க்கப் பயமாக இருந்தது. மகனிடம் இன்னும் மூச்சுவிடவில்லை.

போய்க் கையைப் பிடித்துவிடலாமா? பிடித்தால் நாளையிலிருந்து நடை கிடையாது. பிடிக்காமல் விட்டு, அவர் பாட்டுக்கு ஒரு லாரிக்கு முன்னால் இறங்கிவிட்டால்? எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. கட்டின லேஸை அவிழ்த்து மறுபடியும் கட்டினேன்.

என்ன ஆனாலும் ஆகட்டும் என்று எழுந்தேன். முழங்கால் சுரீரென்றது. வேனைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி வெளியே வந்தேன்.

அவர் இந்தப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் சரியாக வலது பக்கம் திரும்பி நடந்தார்.

போன உயிர் வந்தது. வந்து என்ன பிரயோஜனம், நின்றது நின்றதுதானே. சொல்லித்தானே ஆகவேண்டும்.

கடைசித் தெரு நேர்த் தெரு, அதில் தவற வழியில்லை. அவர் மீதி ரெண்டு வீட்டு மீட்டரைப் பார்ப்பதற்குள் சந்து வழியாகப் போய், பின்கதவில் நுழைந்து, தொப்பி கண்ணாடியையெல்லாம் வாஷிங் மெஷினுக்குள் திணித்துவிட்டு, ஒன்றும் தெரியாதவளாகச் சமையலறையில் நின்றேன்.

அவர் உள்ளே வரவும் போன் அடிக்கவும் சரியாக இருந்தது. மகன்தான்.

"அம்மா, அப்பா இன்னைக்கு வழி தெரியாம எங்கயாவது நின்னாரா?"

நான் வாயைத் திறப்பதற்குள், அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றியபடியே ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாரு, ஒரு வாரமா ஒரு அம்மா தொப்பி போட்டுக்கிட்டு என் பின்னாடியே வர்றாங்க. வழி தெரியாதவங்க போல, நான் திரும்பற பக்கமே திரும்பறாங்க. முழங்கால் வேற சரியில்ல, பாவம். நின்னு நின்னு கூட்டிட்டு வர்றதுக்குள்ள நேரமாயிடுது. இன்னைக்கு மருந்துக்கடைகிட்ட எவ்வளவு நேரம் நின்னேன் தெரியுமா? அவங்க வீட்டு ஆளுங்களுக்குக் கொஞ்சமாவது அக்கறை வேணாம்? கடைசித் தெருவுல வேற தினமும் காணாம போயிடறாங்க. வீடு போய்ச் சேர்ந்தாங்களோ என்னவோ."

முதலில் கோபம்தான் வந்தது. ஒரு தொப்பி போட்டால் கட்டினவளைத் தெரியாதா? அப்புறம் அழுகை வந்தது. அவர் பார்க்காதபடி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"அம்மா? லைன்ல இருக்கியா? நின்னாரா, இல்லையா?"

"நின்னார்டா," என்றேன். "வழி தெரிஞ்சுதான் நின்னார்."