ஏப்பம்கூட வரவில்லை

கழிப்பறைக்குள் பஸ் டிரைவர் மறுபடியும் வாந்தி எடுத்தார். வெளியே நாற்காலியில் சாய்ந்து கிடந்த பெயின்டருக்கு அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க வயிறு எரிந்தது. கொடுத்து வைத்த மனுஷன்!

"இன்னைக்கு இது ரெண்டாவது வாட்டி!" என்று டிரைவரின் மனைவி விரல் விட்டு எண்ணினாள். முகமெல்லாம் பல். பெயின்டரின் மனைவி அந்தப் பக்கம் பார்க்காமல் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

இரண்டு பேருக்கும் ஒரே புற்றுநோய், ஒரே டாக்டர். பழைய மருந்தெல்லாம் கைவிட்ட பிறகு இந்தச் சோதனைக்குக் கையெழுத்துப் போட்டவர்கள். பாதிப் பேருக்குப் புது மருந்து ஏறும், பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர். ஆளுக்கொரு நம்பர் சீட்டு, அந்த நம்பர் போட்ட பாட்டில்தான் வரும்; யாருக்கு எது என்று அதைத் தொங்கவிடும் நர்சுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது.

பெயின்டருக்கு மட்டும் தெரிந்துவிட்டது. முப்பது வருஷம் வார்னிஷ் அடித்தவர் அவர். மூக்கைத் துளைத்தால்தான் அது சரக்கு. வாடையே இல்லை என்றால் எவனோ தண்ணீர் ஊற்றிவிட்டான். மூன்று வாரமாகப் பாட்டில் ஏறுகிறது, அவருக்கு ஒரு தலைசுற்றல் உண்டா? ஒரு குமட்டல் உண்டா?

"உங்களுக்கு ஒரு ஏப்பம்கூட வர மாட்டேங்குதே" என்றாள் மனைவி, அடிக்குரலில். "அவரைப் பாருங்க, என்னமா எடுக்குறாரு."

"நான் என்னடி பண்ணட்டும்? வாடகைக்கா வாங்க முடியும்?"

முதலில் அவர்தான் இதை நம்பாதவர். 'புற்றுநோய்க்கு முடிவு வந்தாச்சு' என்று பேப்பரில் போட்டிருப்பதை மச்சான் கொண்டுவந்து காட்டியபோது, "இதே பேப்பர்லதான் வழுக்கையில முடி மொளைக்கிற எண்ணெயும் போட்டிருந்தான். உன் தலையில மொளைச்சுதா?" என்று கேட்டவர். மருந்தே பொய் என்றவருக்கு, இப்போது அந்தப் பொய் தனக்குக் கிடைக்கவில்லையே என்று ராத்திரி தூக்கம் போய்விட்டது.

நர்ஸ் வந்தாள். பெயின்டரின் மனைவி எழுந்து நின்றுகொண்டாள்.

"சிஸ்டர், அடுத்த வாரம் எங்களுக்கும் அவருக்குப் போடுற பாட்டிலையே போடுங்களேன்."

"அம்மா, வாந்தி வந்தா மருந்து, வராட்டி தண்ணின்னு யாரு உங்களுக்குச் சொன்னா? மருந்து ஏறியும் ஒண்ணும் பண்ணாம இருக்கலாம்."

"இதெல்லாம் எங்களைத் தேத்துறதுக்குச் சொல்றது" என்று மனைவி முணுமுணுத்தாள். நர்ஸ் அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டாள்.

டிரைவர், பாட்டில் தொங்கும் கம்பியை உருட்டிக்கொண்டு, முகத்தைத் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார். "எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வரேன், மோந்து பாத்தா குமட்டல் அடங்கும்" என்று அவர் மனைவி கிளம்பினாள். "அக்கா, நானும் வரேன், டீ குடிக்கணும்" என்று பெயின்டரின் மனைவியும் கூடவே போனாள். அந்த அக்கா எந்தச் சாமிக்கு வேண்டிக்கொண்டாள் என்று கேட்கப் போகிறாள். பெயின்டருக்குத் தெரியாதா?

அவர்கள் போனதும் டிரைவர் தலையணைக்கடியில் கையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். இரண்டு பன். அவசரமே இல்லாமல் இரண்டையும் பிட்டுப் பிட்டுத் தின்று, தண்ணீர் குடித்து, மடியில் விழுந்த தூளையும் தட்டிவிட்டார்.

பெயின்டருக்குத் தாங்கவில்லை. வாந்தியும் வருகிறது, பசியும் எடுக்கிறது! இதைவிட ஒரு மருந்து என்ன செய்ய வேண்டும்?

"நல்லாப் பசிக்குது போலிருக்கே அண்ணே."

"ஏதோ தம்பி" என்று டிரைவர் அசடு வழிந்தார்.

தாழ்வாரத்தில் பெண்களின் பேச்சுக்குரல் கேட்டது. டிரைவர் சட்டென்று எழுந்தார். வாயைப் பொத்திக்கொண்டு, கம்பியை இழுத்துக்கொண்டு கழிப்பறைக்கு ஓடினார்.

வெட்கத்தைப் பார்த்தால் உயிர் மிஞ்சாது என்று பெயின்டருக்குத் தோன்றியது. காலில் விழுந்தாவது கேட்டுவிட வேண்டும்: 'அண்ணே, உங்களுக்குத்தான் மூணு பாட்டில் ஏறிடுச்சே, அடுத்த ஒரே ஒரு வாட்டி என் நம்பர் சீட்டை நீங்க வாங்கிக்கங்க, உங்க சீட்டை எனக்குக் குடுங்க.' தன் கம்பியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே போய்க் கதவைத் தள்ளினார்.

டிரைவர் குனிந்து நின்றிருந்தார். இரண்டு விரல் தொண்டைக்குள் இருந்தது. கண் சிவந்து, நீர் வழிந்துகொண்டிருந்தது.

பெயின்டர் இரண்டடி பின்னால் நகர்ந்து, மெல்லக் கதவைச் சாத்தப் போனார்.

டிரைவர் விரலை வெளியே எடுத்தார்.

"சாத்தாதீங்க தம்பி, அவளுக்குக் கேக்கணும்."