கழுதை கேட்ட ஒரு வார்த்தை

கழுதையின் முன்னங்காலைக் கடித்து ஒடித்தது காவல் நாய் வேங்கைதான். கோழிக் கூண்டருகே நரி நடமாடுகிறது என்று சொல்லப் போன கழுதையை, "நீயும் கூட்டாளியாடா?" என்று கேட்டுக் கடித்தது. பிறகு, "கழுதை வழுக்கி விழுந்துவிட்டது" என்று ஊரெல்லாம் சொன்னது.

"நாலு கால் இருந்துமா?" என்று சிரித்த சேவல், வேங்கை திரும்பிப் பார்த்ததும் கூரையேறிவிட்டது.

அதன்பின் நரி வந்தால் யாரும் வேங்கையிடம் சொல்வதில்லை.

ஒருநாள் நரி வேங்கையின் குட்டியையே கவ்விக்கொண்டு போனது.

"அண்ணே, எந்தப் பக்கம் போச்சு?" என்று கழுதையிடம் ஓடிவந்தது வேங்கை.

"நீதான் கடிச்சேன்னு ஊருக்குச் சொல்லுவியா?"

"சொல்றேண்ணே, சத்தியமா!"

கழுதை ஓடைப்பக்கம் காட்டியது. குட்டி உயிரோடு திரும்பியது.

வேங்கை இன்னும் எதுவும் சொல்லவில்லை. அது ஊருக்குள் போகும்போதெல்லாம் கழுதை காதை நிமிர்த்திக்கொண்டு நிற்கிறது.