கண்ணில் காட்டாத வரம்பு

என்டரைத் தட்டிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தான்.

யாரும் கவனிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அலுவலகம் அரைத் தூக்கத்தில் இருந்தது.

ஒரே ஒரு செட்டிங்தான். சர்வரை அறை அறையாகத் தடுத்து வைத்த கன்டெய்னர்கள் ஒவ்வொன்றுக்கும், தன் பங்கு எவ்வளவு என்று உள்ளேயே தெரியும்படி செய்வது. தடுத்த அன்றே செய்திருக்க வேண்டும்.

தடுத்தவன் அவன்தான். கூட வேலை பார்க்கும் எஸ்தரின் நிரலுக்கு நான்கு ஜிபி நினைவகம் என்று வரம்பு போட்டவனும் அவன்தான். அவசரத்துக்கு ஒதுங்க ஸ்வாப் இடம் துளியும் இல்லை. உள்ளேயிருந்து பார்த்தாலோ சர்வரின் அறுபத்துநான்கும் தெரிந்தது, ஸ்வாப்போடு சேர்த்து.

நிரல் நம்பியது. கண்டதற்கு ஏற்றபடி கை நீட்டியது. நான்கைத் தாண்டியதும் செத்தது.

பானை நிறையச் சோற்றைக் காட்டிவிட்டு, இரண்டாவது கரண்டிக்கே கையைத் தட்டிவிடுகிற மாதிரி.

எஸ்தர் நாள்கணக்கில் தன் நிரலையே குடைந்தாள். அவனிடமும் வந்து கேட்டாள். உன் கோடிங்கைப் பாரு என்றான். அப்போது அவனுக்கும் தெரியாது. சத்தியமாகத் தெரியாது.

நேற்றுத் தெரிந்தது.

நேற்றுத்தான் மேலாளர் அவளிடமிருந்து வேலையைப் பிடுங்கிப் பிரகதீஷிடம் கொடுத்தார். உண்மையைச் சொல்ல அவர் அறை வாசல் வரை போனான். திரும்பிவிட்டான். சரிசெய்துவிட்டால் அவள் மேல் விழுந்த பழி தானாகப் போய்விடும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டான்.

இப்போது சரிசெய்தாயிற்று. உள்ளே நான்கு என்றே தெரிந்தது. நிரல் அதற்குள் அடங்கி ஓடியது. சாயங்காலம் வரை சாகவில்லை.

மேலாளர் வந்து பிரகதீஷின் முதுகில் தட்டினார். கை மாறியதும் ஓடுகிறது பார்த்தீர்களா என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். பிரகதீஷ் நிரலை இன்னும் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஆனாலும் சிரித்து வைத்தான்.

எஸ்தருக்கும் கேட்டிருக்கும்.

இப்போதாவது சொல்லித் தொலை என்றது அவன் மனசு. திரையின் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அவள் எழுந்து அவன் பக்கம் வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கண் சிவந்திருந்தது. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

"நான் எங்கண்ணா தப்பு பண்ணினேன்? காட்டுங்க, கத்துக்கிறேன்."

அவன் அவளுடைய நிரலைத் திறந்தான்.

முதல் வரியிலிருந்து தேடத் தொடங்கினான், ஏதாவது ஒரு தப்பு கிடைக்காதா என்று.