ஒரு கட்டி, இரண்டு ஊசி

"மனுஷன் வயித்துல கணையம்னு ஒண்ணு இருக்கிற வரைக்கும், அதுலேர்ந்து டெஸ்ட்டுக்குச் சதை எடுக்க ஒரே வழிதான். உறிஞ்சணும்!"

இப்படி முழங்கிவிட்டுத் துறைத் தலைவர் பழச்சாற்றை உறிஞ்சினார். ஸ்ட்ரா அடைத்துக்கொண்டது. முகம் சிவந்ததுதான் மிச்சம், சாறு ஏறவில்லை.

"மூடியைத் திறந்து குடிங்க மாமா" என்றான் மருமகன். அவனும் அதே துறையில் டாக்டர். பெண்ணைக் கொடுத்த பாவத்துக்கு நாலு வருஷமாக அவனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார் தலைவர்.

வாய்வழியே குழாயை இறக்கி, இரைப்பைச் சுவரைத் துளைத்து, கணையக் கட்டிக்குள் ஊசியைச் செருகும்வரை இருவருக்கும் ஒற்றுமைதான். அதற்குமேல்தான் சண்டை. ஊசியின் பின்னால் சிரிஞ்சை மாட்டி உறிஞ்ச வேண்டும் என்பது மாமனார் கட்சி. சிரிஞ்சே வேண்டாம், ஊசிக்குள் இருக்கும் மெல்லிய கம்பியை மெதுவாக வெளியே இழுத்தால் சதை தானாக ஏறிவிடும் என்பது மருமகன் கட்சி.

"மெதுவா இழுக்க அது என்ன பழுதான வண்டியா மாப்பிள்ளை?"

"உறிஞ்சினா ரத்தம்தான் வரும் மாமா. அந்த வேலையை அட்டையே நல்லா செய்யுது."

வாய் முற்றிப் போட்டியில் முடிந்தது. ஒரே நோயாளி, ஆளுக்கு ஒரு குத்து. ஒருவர் குத்தும்போது மற்றவர் அறைக்கு வெளியே. சதையைப் போடும் குப்பியில் டாக்டர் பெயர் கிடையாது, எண் மட்டும். தோற்றவர் ஆயுளுக்கும் ஜெயித்தவர் முறையில்தான் சதை எடுக்க வேண்டும். மருமகன் தோற்றால் அவனுடைய நாலு வருஷ ஆராய்ச்சி அம்போ!

நோயாளி ஒரு பஸ் டிரைவர். சிரித்துக்கொண்டே சம்மதக் கையெழுத்துப் போட்டார்.

"ரெண்டு பேரும் குத்திக்குங்க டாக்டர். ஓவர்டேக் மட்டும் பண்ணாதீங்க!"

மறுநாள் பரிசோதனைக்கூட டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பிலிருந்து தலை நிமிர்ந்தார். எதிரே இருவரும் பரீட்சை முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் மாதிரி நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார்கள்.

"நல்ல சேதி. கட்டி சாதுவானதுதான். டிரைவருக்குப் பயமில்லை."

"அது கிடக்கட்டும்மா. யாரு ஜெயிச்சா?" என்றார் தலைவர்.

"ஒண்ணாம் குப்பியில நூல் நூலா அருமையான சதை. ரெண்டாம் குப்பி வெறும் ரத்தக்களறி, ஒரு மண்ணும் தெரியலை."

நர்ஸ் பதிவேட்டைப் புரட்டினாள். "ஒண்ணாம் குப்பி பெரிய டாக்டரோடது" என்றாள்.

தலைவர் வெள்ளைக் கோட்டோடு ஒரு சுற்று சுற்றினார். டாக்டரம்மாவின் கையைக் குலுக்கினார், நர்ஸின் கையைக் குலுக்கினார், சுவரில் மாட்டியிருந்த கையுறையையும் விடவில்லை. பிறகு மருமகனைத் தாழ்வாரத்துக்குத் தள்ளிக்கொண்டு போனார். அங்கே போனதும் அவர் குரல் காற்றுப் போன பலூனாகிவிட்டது.

"மாப்பிள்ளை, வீட்டுல மூச்சு விட்டுடாதீங்க. ஊசியைச் செருகினதும் தோத்துடுவோமோன்னு பயம் வந்துடுச்சு. சிரிஞ்சை ஓரமா வச்சுட்டு, உங்க முறையிலதான் இழுத்தேன்."

மருமகன் வாயைப் பிளந்தான்.

"ஜெயிச்சது உங்க முறைதான், ஒத்துக்கறேன். புதுசா இழுத்த எனக்கே இவ்வளவு நல்லா வந்துச்சே, நாலு வருஷமா இழுக்கிற நீங்க எப்படி மாப்பிள்ளை கோட்டை விட்டீங்க?"

மருமகன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தான்.

அவன் சிரிஞ்சை மாட்டி உறிஞ்சியிருந்தான்.