நன்றிக் கடிதங்கள், ஆறு

அவர் மூன்றாவது கடிதத்தில் இருந்தார். கோபம் இரண்டாவதிலேயே வந்துவிட்டது.

கோபத்தை வைத்துக்கொள்ள அந்த அறையில் இடமில்லை. ஜெர்மனியில், ஒரு மிஷன் சங்கத்தின் ஆவணக் காப்பகம். தும்முவதென்றாலும் படிவம் நிரப்பிக் கொடுத்துவிட்டுத்தான் தும்ம வேண்டும். பேனா கூடாது. பென்சில்தான். அவர் மனைவி கிரேஸ்மணி கைப்பையை வெளியே விட்டுவிட்டு, கோயிலில் பிரசங்கம் கேட்கிறவள்போல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்று வேறு வாசகர் யாருமில்லை.

கோப்பின் மேல் அழகான கையெழுத்தில் எழுதி ஒட்டியிருந்தது: "நன்றியுள்ள உபதேசியாரின் கடிதங்கள், ஆறு."

அந்த உபதேசியார் யேசடியான், அவருடைய பூட்டனார். மாயவரத்தைச் சுற்றி நடந்தே வேதம் சொன்னவர். கடிதங்கள் ஊர் திரும்பிவிட்ட துரைப் பாதிரியாருக்கு எழுதியவை.

தலைப்பில் நன்றி எப்படி வந்தது என்பது தெரிந்துவிட்டது. ஆறும் "தோத்திரம்" என்றுதான் தொடங்கின. அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அகராதியைப் புரட்டிய யாரோ ஒரு புண்ணியவான், மீதியைப் படிக்கும் சிரமத்தை எடுத்துக்கொள்ளவில்லை. தமிழ்ச் சபைகளில் ஒருவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவதற்கு முன்பும் தோத்திரம் சொல்லுவார்கள். அது அந்தப் புண்ணியவானுக்கு எப்படித் தெரியும்?

முதல் கடிதத்தில் தோத்திரம் அரைப் பக்கம். துரையம்மாளுக்கு, குழந்தைகளுக்கு, துரையின் இருமல் குறைந்ததற்கு. பிறகுதான் விசாரிப்பு. உங்கள் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளக் கப்பலில் கூட்டிப்போன என் மகள் ஞானப்பூ சுகமா? இரண்டு வருஷத்தில் அனுப்பிவிடுவதாகச் சொன்னீர்கள். மூன்று ஆகிறது.

போனபோது அவளுக்குப் பதினாலு வயது.

இரண்டாவதில் தோத்திரம் நாலு வரி.

மூன்றாவதில் ஒரு வரி. குளிர் வந்தால் அவளுக்கு நெஞ்சு கட்டும், கம்பளி இருக்கிறதா?

நாலாவதில், அவள் அம்மா இறந்துபோனதை எழுதியிருந்தார். அவளிடம் மெதுவாகச் சொல்லுங்கள். வேலை நேரத்தில் சொல்லாதேயுங்கள்.

ஐந்தாவதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்திருந்தது. பேனா முள்ளை அழுத்திய இடங்கள்.

ஆறாவது கடிதம் மொத்தமே இவ்வளவுதான்:

"தோத்திரம். என் பிள்ளை எங்கே?"

வீட்டிலிருக்கும் குடும்ப வேதாகமத்தின் முதல் பக்கத்தில், இறந்துபோனவர்கள் எல்லாருக்கும் இரண்டு தேதி. ஞானப்பூவுக்கு மட்டும் ஒன்று. மற்றதற்கு விட்ட இடம் நூற்று முப்பது வருஷமாக வெள்ளையாகவே கிடக்கிறது. அதை நிரப்பத்தான் அவர் இவ்வளவு தூரம் வந்தது.

காப்பாளர் ஹெல்கா வந்தாள். சங்கத்தின் ஆண்டு விழாவுக்குக் கடிதங்களைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கப்போகிறார்கள். விளக்க அட்டையில் இரண்டு வரிக்குத்தான் இடம். ஏதாவது ஒன்றை மொழிபெயர்த்துத் தர முடியுமா?

அவர் ஆறாவதை எடுத்து ஆங்கிலத்தில் சொன்னார். இரண்டு வரி தேவைப்படவில்லை.

எழுதிக்கொண்டவள் தான் எழுதியதைப் பார்த்தாள். கோப்பின் மேல் ஒட்டியிருந்ததைப் பார்த்தாள். அவரைப் பார்க்கவில்லை.

பாதிரியாரின் குடும்பத் தாள்கள் இருக்கின்றனவா என்று கேட்டார்.

இருந்தன. ஒரு பெட்டி. ஆனால் குடும்பத்தாரின் அனுமதி இல்லாமல் யாருக்கும் காட்ட முடியாது. அந்தரங்கம்.

அவர் சிரித்தார். அந்தச் சிரிப்புக்குச் சுவரில் தொங்கிய பிஷப்மாரில் மூன்று பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

கிரேஸ்மணிக்கு இங்கிலீஷ் புரியும். பேசத்தான் மாட்டாள்.

"இவங்க புள்ளைங்கள இடுப்புல சொமந்தவ குடும்பத்துல சேத்தி இல்லையாமா? அந்தம்மாட்ட கேளுங்க நீங்க. சும்மா சிரிச்சிக்கிட்டு."

கேட்டார். மொழிபெயர்ப்பில் மரியாதை எதையும் சேர்க்கவில்லை.

ஹெல்கா கீழே போனாள். திரும்பி வந்தபோது கையில் சாம்பல் நிற அட்டைப் பெட்டி. மேசையில் வைத்தாள்.

"நான் காபி குடிக்க வேண்டும். இருபது நிமிஷம் ஆகும்."

அவள் முகத்தைப் பார்த்தால் காபி குடிக்கிறவளாகத் தெரியவில்லை.

பெட்டியில் ஞானஸ்நானச் சான்றிதழ்கள். பனியில் நிற்கும் பிள்ளைகளின் புகைப்படங்கள். ஒரு பொட்டலத்தில் பால் பற்கள், ஒவ்வொன்றும் தனித்தனிக் காகிதத்தில். எந்தப் பிள்ளையின் பல், எந்தத் தேதியில் விழுந்தது என்று குறித்திருந்தது.

அவர் அந்தப் பொட்டலத்தைத் தொடாமல் பென்சில் முனையால் ஒதுக்கினார்.

அடியில் நாடா கட்டிய ஒரு கட்டு. பதினோரு உறைகள். பெண்பிள்ளைகள் பள்ளியில் பழக்கிய குண்டு குண்டான எழுத்தில், தமிழில் விலாசம்.

"மாயவரம் உபதேசியார் யேசடியான் அவர்களுக்கு, மகள் எழுதுவது."

தபால் தலை இல்லை. தபால் முத்திரை இல்லை. ஒட்டிய இடம் ஒன்றில்கூடப் பிரியவில்லை.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். மனைவி பக்கம் கையை நீட்டினார்.

அவள் ஏற்கெனவே கொண்டை ஊசியை உருவிக்கொண்டிருந்தாள்.